இரண்டு ‘முடியாது’கள்

தமிழில் ‘முடியாது’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ‘இந்தப் பாறையை என்னால தூக்க முடியாது’ என்பது ஒன்று. ‘அட்வான்ஸ் எல்லாம் திருப்பித் தர முடியாது, உன்னால ஆனதைப் பாத்துக்கோ’ என்பது இன்னொன்று. முதலாவது இயலாமை, இரண்டாவது மறுப்பு. சொல்கிறவரின் குரலையும் முகத்தையும் வைத்து எது எதுவென்று நாம் கண்டுபிடித்துவிடுகிறோம். வீட்டு ஓனர் சொல்லும் ‘முடியாது’வைக் கேட்டு, பாவம் அவருக்கு என்ன சிரமமோ என்று யாரும் இரக்கப்படுவதில்லை.

குரலும் முகமும் இல்லாத ஒரு திரையில் அதே சொல் வரும்போதுதான் ஏமாந்துபோகிறோம். ‘இந்தக் கணக்கு உங்களுடையது என்பதை எங்களால் உறுதிப்படுத்த முடியவில்லை.’ போன் தண்ணீரில் விழுந்தவர், பஸ்ஸில் பறிகொடுத்தவர், சிம் காலாவதியானவர், பாஸ்வேர்டு சரியாக நினைவிருந்தும் அந்த ஆறு இலக்க எண்ணைக் கொடுக்க வழியில்லாதவர், எல்லோரும் கடைசியில் வந்து முட்டிக்கொள்ளும் வாசகம் இது. பார்த்தவுடன் பாறையின் ‘முடியாது’ என்றே நம்பிவிடுகிறோம். கம்ப்யூட்டரே முடியாதுன்னு சொல்லிடுச்சு, அப்புறம் என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. இந்த வாசகம் பெரும்பாலான நேரங்களில் வீட்டு ஓனரின் ‘முடியாது’தான். பாறையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. லாகின் பக்கங்களுக்குப் பின்னால் ஓடும் நிரலை எழுதிப் பிழைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். எங்கள் துறைக்கு வெளியே இருப்பவர்கள் இந்தச் சட்டையை நம்பிக்கொண்டிருப்பது எங்களுக்கு மிக வசதி. அதனால்தான் உள்ளிருந்து யாரும் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அந்த எண் எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். இருபடிச் சரிபார்ப்பை இயக்கும்போது திரையில் ஒரு க்யூஆர் கட்டம் வருகிறதே, அதற்குள் இருப்பது ஒரு ரகசிய எழுத்துவரிசை. போனில் இருக்கும் ஆப் அதைப் படித்துச் சேமித்துக்கொள்கிறது. அதே வரிசையின் இன்னொரு பிரதி நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. இரண்டு பக்கமும் அந்த ரகசியத்தையும் அந்த நேரத்தையும் ஒரே கணக்கில் போட்டு 30 வினாடிக்கு ஒருமுறை ஓர் எண்ணை உண்டாக்குகின்றன. இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும். 2011இல் ஆர்எஃப்சி 6238 என்ற ஆவணமாக வெளியான முறை இது. இணையம் வேண்டாம், சிக்னல் வேண்டாம், நடுவானிலும் வேலை செய்யும். நல்ல பொறியியல், இதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. டூ ஃபேக்டரை அணைத்துவிடுங்கள் என்று சொல்வதற்காகவும் இதை எழுதவில்லை. இயக்கியே வையுங்கள்.

ஆனால் அந்த எண் எதைச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அது உங்கள் மின்னஞ்சல்களைப் பூட்டவில்லை. உங்கள் படங்களையோ கதை வரைவுகளையோ மறையாக்கம் செய்யவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் வாட்ச்மேன் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர் இன்றைய சங்கேத எண்ணைச் சொன்னால் கேட்டைத் திறப்பார். எண் தெரியாவிட்டால் திறக்க மாட்டார். அவ்வளவுதான். கேட்டின் சாவி எப்போதும் அவர் இடுப்பிலேயேதான் தொங்குகிறது. தரவுத்தளத்தில் உங்கள் பெயருக்கு எதிரே ‘இருபடிச் சரிபார்ப்பு: ஆம்’ என்று ஒரு கட்டம். அதை ‘இல்லை’ என்று மாற்றினால் நீங்கள் பழையபடி பாஸ்வேர்டோடு உள்ளே போகலாம். தொழில்நுட்பமாக இதில் எந்தக் கடினமும் இல்லை.

நிஜமான பாறை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமென்றால் ஸ்டெஃபான் தாமஸின் கதையைப் பார்க்க வேண்டும். 2021 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகு உலகம் முழுக்கத் தெரிந்த கதை. 7,002 பிட்காயின்களின் சாவி ஐயன்கீ என்ற சிறு சேமிப்புக் கருவியில் இருக்கிறது. அதன் பாஸ்வேர்டை எழுதிவைத்த தாள் தொலைந்துவிட்டது. கருவி 10 முயற்சிகளை மட்டும் அனுமதிக்கும். அந்தச் செய்தி வந்தபோதே 8 தீர்ந்திருந்தன. அங்கே கெஞ்ச ஆள் கிடையாது, ஏனென்றால் யாரிடமும் சாவி கிடையாது. ஆப்பிளின் மேம்பட்ட தரவுப் பாதுகாப்பும் இந்த வகைதான். சாவி உங்கள் சாதனங்களில் மட்டுமே இருக்கும், நிறுவனத்திடம் இருக்காது. அதனால்தான் அதை இயக்கவிடும் முன்பே, மீட்க உதவும் ஒரு நபரையாவது மீட்புச் சாவியையாவது ஏற்படுத்திக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறது. இது நேர்மையான ‘முடியாது’. முன்கூட்டியே, முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்டது.

சாதாரண மின்னஞ்சலிலோ சமூக ஊடகத்திலோ அப்படி இல்லை என்பதற்கு நான் நிரலைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. கூகுளின் அலுவலகப் பதிப்பைப் பாருங்கள். கம்பெனி மெயில் அதில் ஓடுகிறது, உங்கள் போன் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வீர்கள்? ஐடி டெஸ்க்குக்கு நடந்து போவீர்கள். அங்கே இருக்கும் பையன் உங்கள் ஐடி கார்டைப் பார்ப்பான், ‘எப்படிண்ணே உடைஞ்சது?’ என்று கேட்டுக்கொண்டே நிர்வாகத் திரையில் உங்களுக்குப் புதிய பேக்கப் கோடுகளை உருவாக்கித் தருவான். பத்து நிமிடம். அதே நிறுவனம், அதே ஜிமெயில், அதே ஆறு இலக்கம். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே உங்களை அடையாளம் காண்பதற்கு ஒரு மனிதருக்கு யாரோ சம்பளம் கொடுக்கிறார்கள். இலவசக் கணக்கில் கொடுப்பதில்லை.

இந்த இடத்தில் பாதுகாப்புத் துறை நண்பர்கள் கையைத் தூக்குவார்கள். அவர்கள் வாதம் லேசானதல்ல. 2012 ஆகஸ்டில் வயர்டு இதழின் பத்திரிகையாளர் மேட் ஹோனனுக்கு நடந்தது அவர்களுடைய ஆதாரக் கதை. திருடர்கள் எந்த நிரலையும் உடைக்கவில்லை. அமேசானுக்கு போன் போட்டு அவர் கணக்குக்குள் நுழைந்தார்கள், அங்கே அவருடைய கார்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்த்தார்கள், அந்த நான்கு இலக்கத்தையும் முகவரியையும் ஆப்பிள் உதவி மையத்திடம் சொன்னார்கள். ஆப்பிள் அதை நம்பிக் கதவைத் திறந்துவிட்டது. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அவருடைய போன், ஐபேட், மடிக்கணினி மூன்றும் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. கூகுள் கணக்கும் போயிற்று. அவருடைய குழந்தையின் படங்கள் அந்த மடிக்கணினியில்தான் இருந்தன. பிறகு பணம் கொடுத்து ஆள் வைத்துத்தான் மீட்டெடுத்தார். கூகுளில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கியிருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது என்று அவரே எழுதினார்.

நல்லவனுக்குத் திறக்கிற கதவு திருடனுக்கும் திறக்கும், மனிதர்தான் சங்கிலியின் பலவீனமான கண்ணி என்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்ட பாடத்தைப் பாருங்கள். உதவி மைய ஊழியர் சில நிமிடங்களில், நான்கு இலக்கத்தை மட்டும் நம்பி, கணக்கின் பழைய சாதனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கதவைத் திறந்தார். இதற்கு மூன்று திருத்தங்கள் சாத்தியம். நேரத்தைக் கூட்டலாம், சான்றுகளைக் கூட்டலாம், எல்லாச் சாதனங்களுக்கும் தகவல் அனுப்பலாம். தொழில் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தது நான்காவதை: ஊழியரையே எடுத்துவிட்டார்கள். மருத்துவர் ஒருமுறை தவறான மருந்து எழுதினார் என்பதற்காக ஆஸ்பத்திரியில் மருத்துவர்களே வேண்டாம் என்று முடிவெடுத்ததைப் போல.

இதில் நேரம் என்பது எவ்வளவு மலிவான, எவ்வளவு வலுவான ஆயுதம் என்பதைச் சொல்லியாக வேண்டும். திருடனுக்கு அவசரம். உரிமையாளருக்கு, கோபம் இருந்தாலும், காத்திருக்க முடியும். கணக்கைத் திறக்கக் கோரிக்கை வந்தால் இரண்டு வாரம் நிறுத்திவையுங்கள். பழைய போன், பழைய மடிக்கணினி, மாற்று மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் தினமும் ஒரு எச்சரிக்கை அனுப்புங்கள். உண்மையான உரிமையாளர் உள்ளே இருந்தால் ஒரே சொடுக்கில் கோரிக்கையை ரத்து செய்துவிடுவார். யாரும் ரத்து செய்யவில்லையென்றால் வெளியே நிற்பவர்தான் உரிமையாளர் என்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். இது என் கண்டுபிடிப்பில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பாதுகாப்புத் தகவல்கள் முழுவதையும் மாற்றினால் 30 நாள் காத்திருப்பு இருக்கிறது. ஆப்பிளும் கணக்கு மீட்புக்குக் காத்திருப்புக் காலம் வைத்திருக்கிறது. ஆனால் எவ்வளவு விசித்திரம் பாருங்கள்: அதே மைக்ரோசாஃப்டில் கணக்கு மீட்புப் படிவம் என்று ஒன்று உண்டு, இருபடிச் சரிபார்ப்பை இயக்கியவர் அதைப் பயன்படுத்த முடியாது. பாதுகாப்பில் அக்கறை எடுத்தவருக்கு ஒரு கதவு குறைவு.

கிட்ஹப்பும் இப்படித்தான். நிரல் எழுதிப் பங்களிக்கிறவர்கள் 2023 முடிவதற்குள் இருபடிச் சரிபார்ப்பை இயக்கியாக வேண்டும் என்று 2022இல் அறிவித்தது. நியாயமான கட்டளை; ஒரு நிரலாளரின் கணக்கு திருடுபோனால் அந்த நிரலை நம்பியிருக்கும் எல்லோருக்கும் ஆபத்து. ஆனால் கட்டாயமாக்கிய அதே நிறுவனம், போனும் போய், மீட்புக் கோடுகளும் போய், முன்பு பயன்படுத்திய கணினியோ எஸ்எஸ்ஹெச் சாவியோ கைவசம் இல்லையென்றால் உதவி மையத்தால் எதுவும் செய்ய இயலாது என்கிறது. பூட்டு கட்டாயம், பூட்டுக்காரர் கிடையாது.

சரி, இப்போது பிரசங்கத்துக்கு வருவோம். போன் தொலைத்தவர் எங்கே போய் அழுதாலும் முதலில் கிடைப்பது ஆறுதல் அல்ல, ‘பேக்கப் கோடு எடுத்து வெச்சிருக்கணும்ல?’ என்பதுதான். கேட்பவர் பெரும்பாலும் என் துறைக்காரராக இருப்பார். ஹெல்மெட் போடாமல் விழுந்தவனை டிராஃபிக் போலீஸ் பார்ப்பதைப் போல ஒரு பார்வை. இந்த அறிவுரையைச் சொல்கிறவர்களை நான் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கோடுகள் எப்போது காட்டப்படுகின்றன? அவசரமாக எதையோ செய்யப் போனவரை வழிமறித்து, டூ ஃபேக்டரைக் கட்டாயமாக இயக்கவைத்து, அதன் வாலில் ஒருமுறை. புரியாத எழுத்துகள் பத்துப் பதினாறு வரிசை. ‘பத்திரமான இடத்தில் சேமிக்கவும்’ என்று ஒரு வரி. எந்த இடம் பத்திரம்? சொல்ல மாட்டார்கள். மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார்கள். அது எந்த போன் தொலையப்போகிறதோ அதே போனின் கேலரிக்குப் போகிறது.

கூகுள் ஆத்தென்டிகேட்டர் ஆப் 2010இல் வந்தது. அதிலிருக்கும் ரகசியங்கள் கூகுள் கணக்கில் தானாகச் சேமிக்கப்படும் வசதி 2023 ஏப்ரலில்தான் வந்தது. நடுவில் 2020இல் ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வசதி கொடுத்தார்கள். அதற்குப் பழைய போன் உயிரோடு கையில் இருக்க வேண்டும். அதாவது, ஏறத்தாழ 12 வருடமாக, போன் தொலைந்தால் எல்லாம் தொலையும் என்பது அந்த ஆப்பின் இயல்பான நடத்தை. போன் தொலைவது உலகத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் விஷயம். அதைக் கணக்கில் எடுக்காத வடிவமைப்பை விட்டுவிட்டு, தொலைத்தவரைப் பொறுப்பற்றவர் என்கிறோம்.

காகிதத்தைப் பாதுகாக்கத் தெரியாத சமூகமல்ல நம்முடையது. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில், ஒரு துணிப்பையில், பத்திரமும் பட்டாவும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் இருக்கும். வீட்டில் மழை ஒழுகினால் முதலில் அந்தப் பைதான் இடம் மாறும். ஆனாலும் பத்திரம் தொலைகிறது. வெள்ளத்தில் போகிறது, கரையான் அரிக்கிறது, அண்ணன்-தம்பி சண்டையில் காணாமல் போகிறது. தொலைந்தால் என்ன ஆகும்? போலீசில் புகார் கொடுக்க வேண்டும். பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டும்: இன்ன சர்வே எண்ணுக்கான மூலப் பத்திரம் தொலைந்துவிட்டது, யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கவும். தேடியும் கிடைக்கவில்லை என்று போலீசிடம் சான்று வாங்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். அலைச்சல்தான். ஒவ்வொரு மேசையிலும் யாருக்காவது ஏதாவது கொடுக்கவும் வேண்டியிருக்கலாம். இந்த அமைப்புக்குக் கோயில் கட்டச் சொல்லவில்லை.

ஆனால் அந்த நடைமுறைக்குள் இருக்கும் அறிவைப் பாருங்கள். காத்திருப்பு இருக்கிறது. ஊரறிய அறிவிப்பு இருக்கிறது. ஆட்சேபிக்க வாய்ப்பு இருக்கிறது. பொய் சொன்னால் சிக்கிக்கொள்வோம் என்ற பயம் இருக்கிறது. நான் மேலே சொன்ன இரண்டு வார எச்சரிக்கை முறையின் காகித வடிவம் இது. முக்கியமாக, இந்த நடைமுறையில் எந்தக் கட்டத்திலும் ஓர் அதிகாரி ‘உங்ககிட்ட பேக்கப் பத்திரம் இல்லையா? அப்ப நிலம் போச்சு’ என்று சொல்வதில்லை. காகிதம் வேறு, நிலம் வேறு என்று நம் ஊர் கிளார்க்குக்குத் தெரிந்திருக்கிறது.

கதவு எல்லோருக்கும் ஒரே மாதிரி மூடியிருந்தால்கூட ஒருவகை நியாயம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அதுவும் இல்லை. 2022 நவம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி வெளியிட்டது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்குள் கணக்குகளை மீட்டுத்தர ஓர் உள்வழி இருக்கிறது; அதன் பெயர் ஊப்ஸ். ஊழியர்களின் நண்பர்கள், உறவினர்கள், வணிகக் கூட்டாளிகள், பிரபலங்கள் போன்றவர்களுக்கானது. அந்த வழியைப் பயன்படுத்தி முறைகேடாகக் கணக்குகளைக் கைமாற்றியதற்காக இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட ஊழியர்கள், ஒப்பந்தக்காரர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. சிலர் லஞ்சம் வாங்கியதாகவும் குற்றச்சாட்டு. எல்லோரும் அந்த லஞ்சத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு உறைத்தது வேறு. கதவு இருக்கிறது! ‘தெரிஞ்ச ஆள்’ இருந்தால் திறக்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் நாம் காறித் துப்பிய சிபாரிசுதான், கலிஃபோர்னியாவில் ஓர் அழகான ஆங்கிலப் பெயரோடு இருக்கிறது. ட்விட்டரில் ஐம்பதாயிரம் பேர் பின்தொடரும் ஒருவர் ‘என் இன்ஸ்டாகிராம் லாக் ஆகிவிட்டது’ என்று எழுதினால் மாலைக்குள் ‘சரியாயிடுச்சு, நன்றி’ என்று இன்னொரு பதிவு வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேனியில் மொபைல் கடை வைத்திருப்பவருக்கு அந்த மாலை வராது.

2023இல் இதற்கு விலைப்பட்டியலும் போட்டார்கள். மெட்டா வெரிஃபைடு என்ற சந்தா, இந்தியாவில் அந்த ஜூனில் மொபைலுக்கு மாதம் 699 ரூபாய் என்று அறிமுகமானது. நீல டிக்கோடு அது விற்கும் சரக்குகளில் ஒன்று, கணக்குப் பிரச்சினைகளுக்கு நேரடி உதவி. மனித உதவி என்பது இயலாத காரியமல்ல, விற்பனைக்கு வைத்திருக்கும் பொருள் என்பதை அவர்களே அறிவித்துவிட்டார்கள். வெளியே பூட்டப்பட்டவர் உள்ளே போய்த்தான் சந்தா கட்ட வேண்டும் என்பது இதில் உள்ள நகைச்சுவை.

2024 மார்ச்சில் அமெரிக்காவின் 41 அட்டர்னி ஜெனரல்கள் மெட்டாவுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். பிறரால் கைப்பற்றப்பட்ட கணக்குகளின் சொந்தக்காரர்கள் மெட்டாவிடம் பதில் கிடைக்காமல் அரசிடம் வந்து புகார் செய்கிறார்கள்; நியூயார்க்கில் மட்டும் 2019இல் 73 புகார், 2023இல் 783. உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவாக எங்களால் இருக்க இயலாது என்பதுதான் கடிதத்தின் சாரம். இந்த வகைத் திருட்டில் டூ ஃபேக்டருக்கு ஒரு கசப்பான பங்கு உண்டு. உள்ளே நுழைந்த திருடன் முதல் வேலையாகத் தன்னுடைய போனை இணைத்துவிடுகிறான். பிறகு பூட்டு அவனுக்குக் காவல். உரிமையாளர்தான் சந்தேகத்துக்குரிய அந்நியர்.

இதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு அனுமானத்தைப் பேசாமல் இந்த விவாதம் முழுமையாகாது. ஒரு மனிதர், ஒரு போன், அவர் பெயரில் ஒரு சிம். அலுவலகத்தில் வரையும் வரைபடங்களில் எல்லா மனிதர்களும் இப்படித்தான் இருப்பார்கள். நம் வீடுகளில் எத்தனை பெண்களின் சிம் அவர்கள் பெயரில் இருக்கிறது? அப்பா வாங்கிக் கொடுத்தது, அண்ணன் ஆதாரில் எடுத்தது, கல்யாணத்துக்குப் பிறகு கணவன் மாற்றிக் கொடுத்தது. போன் தொலைந்து நகல் சிம் வாங்கப் போனால் யார் பெயரில் இருக்கிறதோ அவர் அடையாள அட்டையோடு வர வேண்டும். சிம் மோசடியைத் தடுக்க அது நியாயமான விதியும்கூட. ஆனால் அந்தக் கணவனை விட்டு வெளியேறி வந்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் அனுப்பியிருக்கிறான். அவளுடைய மின்னஞ்சல், சான்றிதழ்களின் நகல்கள், அவன் அனுப்பிய மிரட்டல்களின் ஆதாரம், வேலைக்கு விண்ணப்பித்த கடிதங்கள் எல்லாம் அந்தக் கணக்கில். பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். இரண்டாவது சாவி அவன் மேசையில் கிடக்கிறது. இந்த நிலையில் ‘கணக்கு உங்களுடையது என்பதை உறுதிப்படுத்த முடியவில்லை’ என்று திரை சொல்வது யாருக்குப் பாதுகாப்பு?

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்கு இது வேறு வடிவத்தில் வருகிறது. ஊர் நம்பருக்கு ரீசார்ஜ் செய்ய ஒரு மாதம், இரண்டு மாதம் மறந்தால் ஓடிபி வருவது நின்றுவிடும். அப்படியே விட்டால் எண்ணே போய்விடும். துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தில் ட்ராய் சொன்னது. அந்த 90 நாளுக்குப் பிறகு கொடுக்கலாம். அதாவது, உங்கள் இரண்டாவது சாவி சட்டப்படியே முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகலாம். எஸ்எம்எஸ் நம்பகமானதல்ல என்று 2017இலேயே அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் அதைக் கட்டுப்படுத்தப்பட்ட முறைகளின் பட்டியலில் வைத்துவிட்டது. நாம் இன்னும் பல சேவைகளில் அதையே ஒரே வழியாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சாவி போனால் மற்றவை எப்படிச் சங்கிலியாகச் சரியும் என்பதற்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் 2021இல் நடந்த ஒன்றைச் சொல்லலாம். ஒரு தந்தை, மருத்துவருக்கு அனுப்புவதற்காகத் தன் குழந்தையின் உடலில் இருந்த வீக்கத்தைப் படம் எடுத்தார். கூகுளின் தானியங்கி அதைத் தவறாகப் புரிந்துகொண்டு கணக்கை முடக்கியது. அவருடைய போன் எண்ணும் கூகுளின் தொலைபேசிச் சேவையில் இருந்ததால் அதுவும் போனது. அதனால் மற்ற தளங்களுக்கான சரிபார்ப்பு எண்களும் வரவில்லை. போலீஸ் விசாரித்தது, குற்றம் எதுவும் இல்லை என்று முடித்தது. விசாரித்த அதிகாரி அவரைத் தொடர்புகொள்ள முயன்றபோது எண்ணும் வேலை செய்யவில்லை, மின்னஞ்சலும் வேலை செய்யவில்லை. போலீஸ் விடுவித்த பிறகும் கூகுள் கணக்கைத் திருப்பித் தரவில்லை. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதை எழுதியது. முடக்கியது வேறு காரணத்துக்காக என்றாலும், மேல்முறையீடு என்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியாது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. ஐரோப்பாவின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் நிறுவனம் கணக்கை முடக்கினால் முறையிட வழி செய்கிறது. இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் குறைதீர் அதிகாரியை நியமிக்கச் சொல்கின்றன. வந்தபோது அவை புகாரை 24 மணி நேரத்தில் ஏற்று 15 நாளில் முடிக்கச் சொல்லின. 2022 திருத்தத்தின்படி அதற்கு மேல் முறையிடக் குழுக்களும் வந்துவிட்டன. ஆனால் இவை பெரும்பாலும் பேசுவது பதிவு நீக்கம், முடக்கம், ஆபாசம், அவதூறு பற்றி. போன் தொலைத்தவர் விஷயத்தில் நிறுவனம் எந்த முடிவையும் எடுக்கவில்லையே! யாரும் உங்களை வெளியேற்றவில்லை, நீங்கள்தான் சாவி இல்லாமல் நிற்கிறீர்கள் என்பார்கள். ‘முடியவில்லை’ என்ற அந்த வினைமுற்று சட்டத்திடமிருந்தும் தப்பிக்க உதவுகிறது. மறுப்பு என்றால் காரணம் கேட்கலாம். இயலாமையிடம் என்ன காரணம் கேட்பது?

எனவே முதலில் கேட்க வேண்டியது, இதை மறுப்பு என்று பதிவு செய்வது. உரிமையாளர் என்று சொல்லி ஒருவர் விண்ணப்பித்து, நிறுவனம் திறக்க மறுத்தால், அது ஒரு முடிவு. முடக்கத்துக்கு உள்ள அதே கெடுவும் அதே மேல்முறையீடும் அதற்கும் வேண்டும். இரண்டாவது, கணக்கு தொடங்கும்போதே பயனரிடம் கேட்டுவிடுங்கள்: தொலைந்தால் யாராலும் திறக்கக் கூடாதா, அல்லது காத்திருப்புக்குப் பிறகு அடையாளம் பார்த்து ஒரு மனிதர் திறக்கலாமா? அச்சுறுத்தலில் வாழும் பத்திரிகையாளர் முதலாவதைத் தேர்ந்தெடுக்கட்டும். அவர்களுக்காக கூகுள் 2017லிருந்தே கூடுதல் பாதுகாப்புத் திட்டம் நடத்துகிறது. என் சித்தி இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பார். கூகுளுக்கு ஆதாரைக் கொடுக்கச் சொல்கிறாயா என்று கேட்பவர்களுக்கு: இல்லை, யாரையும் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. இ-சேவை மையத்திலோ தபால் நிலையத்திலோ முகத்தையும் அட்டையையும் பார்த்து, ‘ஆம், இவர்தான்’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் நிறுவனத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டை வடிவமைக்க எங்கள் துறையில் ஆள் இல்லாமல் போகவில்லை. பணம் யார் கொடுப்பது என்று கேட்டால், ஐந்நூறு ரூபாய் கட்டணம் வையுங்கள். பத்து வருட மின்னஞ்சலுக்கு அதைக் கட்டாதவர் யார்?

இதைக் கூட்டங்களில் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். திருடுபோன கணக்குகளுக்கு டாஷ்போர்டு இருக்கும், சிவப்பில் ஏறி இறங்கும் கோடு இருக்கும், அது ஏறினால் துணைத் தலைவருக்கு மெயில் போகும். பூட்டிக்கொண்டு வெளியே நிற்பவர்களுக்குக் கோடு கிடையாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அவர்கள் ‘செயலற்ற பயனர்கள்’ என்ற பத்தியில் விழுந்தார்கள். ஆர்வம் குறைந்து வராமல் போனவர்களோடு சேர்த்து. மீட்பு வழியைச் சரிசெய்யும் வேலை ஒவ்வொரு காலாண்டும் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போகும்.

அந்தப் பத்திக்கு இப்போது கெடு வேறு இருக்கிறது. 2 ஆண்டுகள் யாரும் உள்ளே வராத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று 2023 மே மாதம் கூகுள் அறிவித்தது. டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஜிமெயில், டிரைவ், டாக்ஸ், ஃபோட்டோஸ் எல்லாம் அதில் அடங்கும். நீக்குவதற்கு முன் பலமுறை எச்சரிக்கை அனுப்புகிறார்கள், அந்தக் கணக்கின் மின்னஞ்சலுக்கும், மீட்பு முகவரி கொடுத்திருந்தால் அதற்கும். மீட்பு முகவரி கொடுக்காதவருக்கு வரும் எச்சரிக்கைகள் எல்லாம் அவரால் திறக்க இயலாத அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒவ்வொன்றாகப் போய் விழும்.